காலர் பட்டன்

ஜனவரி 4

கொக்குக்கு,

கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பார்க்க வந்த அன்று உன் அண்ணன் மாடிப்படியில் நின்றுகொண்டு "ஏ கொக்கு, காபி எங்கே?" என்று கத்தினார். நீ முகத்தைச் சுளித்தாய். எனக்கோ அந்தப் பெயர் அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. உன் நீளக் கழுத்தைப் பார்த்துச் சின்ன வயதில் வைத்த பெயராம். கழுத்து நீளமானவர்களுக்குத் தைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். பட்டறைக்குள் நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். பணக்கார மணப்பெண்களின் உடுப்பைப் படம் எடுத்து வெளியே விட்டுவிடுவோம் என்ற பயம். நான் வேலை முடிந்து வரும்போது உங்கள் ஊர் தூங்கிவிடுகிறது. விடுமுறை நாளில் பேசினால், உன் அம்மாவும் அண்ணனும் அண்ணியும் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. நீயும் "ம்", "சரி", "ம்" என்று மூன்றே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அதற்கு வழியில்லை.

உன் கல்யாண உடுப்பை நானே வெட்டி நானே தைக்கப் போகிறேன். ஊருக்கெல்லாம் தைத்துவிட்டு என் பெண்டாட்டிக்குக் கடையில் வாங்குவதா? உடம்போடு ஒட்டிய நீள அங்கி. மேலே உயரமான காலர், கழுத்தை லேசாகப் பிடிக்கும் ஒரே ஒரு பட்டன். அண்ணியை விட்டு அளவெடுத்து அனுப்பு. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காதே, எல்லாப் பெண்களும் செய்கிற திருட்டு அது. கழுத்தில் மட்டும் டேப்புக்குள் ஒரு விரல் போகிற அளவு இடம் விட்டு அளக்கச் சொல்.

தேனிலவுக்கு மலைமேல் ஒரு மர வீடு பார்த்து வைத்திருக்கிறேன். வண்டி பாதி மலை வரைக்கும்தான் போகுமாம். மீதி ஏற்றத்தை நடந்தே போக வேண்டும். நடப்பாய்தானே?

இன்னொன்று. நீ சரி என்று சொன்னதாக, உங்கள் ஊரில் இருக்கும் என் சித்தி சொன்னாள். உன் வாயால் நான் கேட்கவில்லை. அளவோடு சேர்த்து அதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

தையல்காரன்

*

ஜனவரி 18

தையல்காரருக்கு,

சரி என்று நான்தான் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை. போதுமா?

அளவுகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அண்ணி அளந்தாள். அவள் ஜிம்மில் பயிற்சி கொடுப்பவள் என்பதால் டேப் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அளக்கும்போதே பேச்சுக் கொடுப்பாள். "மலை ஏறணுமாம்ல, இந்தத் தொடையை வச்சுக்கிட்டா?" என்றாள். மறுநாளிலிருந்து என்னை விடவில்லை. வேலைக்குப் போகும் முன் அவளோடு ஓட்டம். நாங்கள் இருக்கும் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. படி, படி, படி. கல்யாணத்துக்குள் என்னைச் சிற்பமாகச் செதுக்கிவிடுவாளாம்.

என் வேலை பற்றி நீங்கள் கேட்கவேயில்லை, நானே சொல்கிறேன். பல்செட் செய்கிற லேப். வாய் அச்சு வரும். அதில் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாக வரிசை பிடித்துப் பதிப்பது என் வேலை. எங்கள் மேனேஜர் என்னைச் "சிரிப்பு செய்றவ" என்று சொல்வார். மயிரிழை தப்பினாலும் அந்தப் பெரியவரால் ரொட்டி கடிக்க முடியாது. உங்கள் வேலையும் என் வேலையும் ஒன்றுதான், அளவு.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. படித்து முடித்த பிறகும் நிற்கவில்லை. அன்று முழுவதும் அப்படியே இருந்தது. உங்களுக்கும் அப்படி எதுவும் உண்டா?

பசி வேறு. அண்ணனைவிட அதிகம் சாப்பிடுகிறேன். இதைச் சித்தியிடம் சொல்லிவிடாதீர்கள்.

சிரிப்பு செய்பவள்

*

பிப்ரவரி 3

கொக்குக்கு,

உண்டு. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெட்டியதில் ஒருவருடைய கோட்டுக்கு இரண்டும் இடது கையாகப் போய்விட்டது. பட்டறை மாஸ்டர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அளவு எல்லாம் கச்சிதம். ஆனால் இப்போதே துணியில் கத்திரி வைக்க மாட்டேன். கல்யாணம் நெருங்க நெருங்க எல்லாப் பெண்களும் மெலிவார்கள் என்பது எங்களுக்கு வாடிக்கை. போன வாரம் ஒரு பெண், ட்ரையலுக்கு வந்தவள், நான் பின்குத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி முன்னால் சரிந்து விழுந்தாள். பல நாளாகத் தண்ணீரும் காயும் மட்டும்தானாம். அவளைத் தாங்கிப் பிடித்ததில் என் கையில் பின் ஏறியது. நீ அப்படிச் செய்யாதே. மலை என்ன ஓடியா போகிறது? மெதுவாக ஏறுவோம்.

இந்த மாதக் கடைசியில் ஒருமுறை அளந்து அனுப்பு.

தையல்காரன்

*

பிப்ரவரி 21

உங்களுக்கு,

அளவு பின்னால் இருக்கிறது. பார்த்ததும் அசந்துபோவீர்கள். இடுப்பு, மார்பு, கை எல்லாம் குறைந்திருக்கிறது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்கள். அம்மாவின் சிநேகிதி ஒருத்தி, "கண்ணெல்லாம் எவ்வளவு பெரிசாயிடுச்சு பாரு, கல்யாணக் களை வந்துடுச்சு" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணி தன் ஜிம்மில் வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டிப் பெருமை அடிக்கிறாள்.

எனக்கு மட்டும் பெருமையாக இல்லை. பயமாக இருக்கிறது.

கை நடுங்குகிறது. கோப்பையைப் பிடித்தால் தட்டில் கடகடவென்று சத்தம் வருகிறது. நேற்று லேப்பில் ஒரு முன்பல்லைப் பதிக்க முடியாமல் திரும்பத் திரும்ப மெழுகை உருக்கினேன். மேனேஜர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, அந்த அச்சை எடுத்து வேறொருத்தியிடம் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கும்போது எனக்கு மட்டும் வியர்த்து வழிகிறது. தூக்கம் சரியாக வருவதில்லை. அம்மா காய்கறிப் பையைத் தப்பான இடத்தில் வைத்தாள் என்று அவளிடம் அப்படிக் கத்தினேன். பிறகு குளியலறையில் போய் அழுதேன்.

அண்ணியிடம் சொன்னேன். "எல்லாம் கல்யாணப் பயம்டி. எனக்கும் இருந்துச்சு. உங்க அண்ணனைப் பார்த்தா பயம் வராதா?" என்று சிரித்தாள். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். எல்லோருக்கும் இப்படித்தான் இருக்குமா? உங்களுக்கு அந்தப் பயம் இருக்கிறதா? இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். எனக்குத் துணையாக இருக்கும்.

*

மார்ச் 7

கொக்குக்கு,

மூன்று நாளாக இந்த அளவுத் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு குறைந்த நாளில் இவ்வளவு இறக்கம் வராது. நானும் எத்தனையோ பெண்களை அளந்திருக்கிறேன்.

நேராகவே கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்னால் வெட்ட முடியாது. நீ சாப்பிடுகிறாயா, இல்லையா? சாப்பிடவில்லை என்றால் அது மலை ஏறுவதற்காக இல்லை. பிடிக்காத கல்யாணத்துக்குத் தலையாட்டிவிட்டு வாயால் சொல்ல முடியாதவர்கள் சோற்றைத் தள்ளி வைப்பார்கள். என் பெரியக்கா அப்படித்தான் செய்தாள். வீட்டில் யாருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. கடைசியில் மாப்பிள்ளையே புரிந்துகொண்டு விலகிப் போனார்.

என் பயத்தைக் கேட்டாயே, இதுதான். என்னைப் பார்த்து ஒருத்தி இப்படி உருகி ஒன்றும் இல்லாமல் போகிறாளோ என்ற பயம்.

இதோடு ஒரு பொட்டலம் வரும். மலிவுக் காடாத் துணியில் உன் உடுப்பை அப்படியே தைத்திருக்கிறேன். ட்ரையல் என்போம். உடம்புக்கு உன் புது அளவு. கழுத்துக்கு ஜனவரி அளவு, ஏனென்றால் இந்தத் தடவை கழுத்தை எழுத விட்டுவிட்டாய். போட்டுப் பார்த்து எங்கே தொளதொளப்பு, எங்கே பிடிப்பு என்று எழுது. நல்ல துணியில் கை வைப்பதா வேண்டாமா என்பதையும் எழுது.

*

மார்ச் 23

உங்களுக்கு,

சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறேன். அண்ணன் தட்டில் மிச்சம் வைத்ததையும் சாப்பிடுகிறேன். லேப்பில் மேஜை இழுப்பறையில் ரொட்டி ஒளித்து வைத்திருக்கிறேன். சாப்பிடாமல் கிடந்து உங்களைப் பழிவாங்க நான் ஒன்றும் உங்கள் அக்கா இல்லை. இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

உங்கள் ட்ரையலைப் போட்டுப் பார்த்தேன். உடம்பு முழுவதும் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்குகிறது, அதற்குள் இன்னும் குறைந்துவிட்டேன். காலர் பட்டன் மட்டும் போடவே முடியவில்லை. அண்ணி இழுத்துப் போட்டுவிட்டாள். முழுங்கும்போது தொண்டையில் இடித்தது. உடனே கழற்றச் சொல்லிவிட்டேன். எனக்கு மூச்சு அடைத்துவிட்டது. ஆக, தையல்காரர்களின் கையும் தவறும் போலிருக்கிறது. அளவில் தப்பு என்று என்னைச் சொல்லும் முன் உங்கள் கத்திரியைப் பாருங்கள்.

இதற்கு மேலும் ஒன்று எழுதி, கிழித்துவிட்டேன்.

ஓடிப் பழகினால் மூச்சு வாங்குவது குறையும் என்றார்கள். எனக்கு நாளுக்கு நாள் மோசமாகிறது. நேற்று இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே கால் இரண்டும் விட்டுப்போய் உட்கார்ந்துவிட்டேன். கைப்பிடியைப் பிடித்து இழுத்து எழுந்தேன். எதிர்வீட்டுக்காரர் நாயோடு இறங்கி வந்தார். "கல்யாணப் பொண்ணு கனவுல உக்காந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டு தாண்டிப் போனார். நான் சிரித்து வைத்தேன்.

*

ஏப்ரல் 2

உங்களுக்கு,

போன தடவை கிழித்ததை இப்போது கிழிக்காமல் அனுப்புகிறேன்.

இந்தக் கல்யாணம் வேண்டாம்.

நீங்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை. உங்கள் கடிதங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். ஆனால் என் உடம்பு வேண்டாம் என்கிறது. அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று நெஞ்சு அடித்த அடியில் சட்டையே துள்ளியது, கண்ணாடியில் பார்த்தேன். உங்கள் போன் வந்தால் நடுக்கம். மலை வீடு பற்றி அண்ணி பேசினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். முதலில் இதை ஆசை என்று நினைத்துக்கொண்டு உங்களுக்கு அசட்டுத்தனமாக எழுதினேன். ஆசை இத்தனை நாள் ஒருத்தியைத் தூங்கவிடாமல் அடிக்குமா? இது பயம். எல்லோரும் கல்யாணப் பயம் கல்யாணம் ஆனால் போய்விடும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாணம் ஆனால் நான் செத்துப்போவேன் என்று தோன்றுகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அதுவும் வேண்டாம் என்று சொல்லும் கடிதத்திலேயே.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்ததும் சொல்கிறேன். திட்டியே எழுதுங்கள்.

*

ஏப்ரல் 3

கொக்குக்கு,

உன் மார்ச் கடிதம் நேற்றுக் கிடைத்தது. படித்ததும் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருடத்தில் நான் வெட்டிய எந்தக் காலரும் மூடாமல் போனதில்லை. உன் அளவுத் தாளையும் ட்ரையலுக்கு வெட்டிய காகித அச்சையும் எடுத்துக்கொண்டு போய் மாஸ்டர் முன்னால் விரித்தேன். அவர் அளந்தார். நான் வெட்டியது சரி. ஜனவரியில் உன் அண்ணி அளந்ததும் சரியாகத்தான் இருக்க வேண்டும், ஒரு விரல் இடம் விட்டதாகத் தாளில் குறித்திருக்கிறது. அப்புறம் நான்தான் சத்தம் போட்டுச் சொன்னேன், "அப்படின்னா கழுத்துதான் பெரிசாயிருக்கு" என்று. சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. மாஸ்டரும் என்னைப் பார்த்தார்.

எனக்கு மருத்துவம் தெரியாது. என்ன வியாதி என்று கேட்டால் கையை விரிப்பேன். ஆனால் உடம்பு மெலிந்தால் கழுத்தும் மெலியும். கை, இடுப்பு, தோள் எல்லாம் கரைந்துகொண்டிருக்கும்போது கழுத்து மட்டும் பருப்பதை நான் பார்த்ததில்லை.

உடனே போன் செய்தேன். வேலைநேரத்தில் வெளியே ஓடிவந்து செய்தேன், அதற்கு அரைநாள் சம்பளம் போகும், போகட்டும். நீ எடுக்கவில்லை. மறுபடி செய்தபோது அண்ணி எடுத்தாள். "அவ போன்ல பேச மாட்டேங்கிறா, வெட்கம். களைப்பா இருக்கா, படுத்திருக்கா" என்றாள். கழுத்தைப் பாருங்கள் என்றேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே கழுத்தைப் பாக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். அவளுக்கு நான் கொஞ்சுகிறேன் என்று நினைப்பு.

ஆகவே இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் பழைய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நில். டாக்டரிடம் போ. ஓடாதே, படி ஏறாதே, லிப்டில் போ.

*

ஏப்ரல் 13

கொக்குக்கு,

நீ வேண்டாம் என்று எழுதிய கடிதம் வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம். உன் வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன், தப்பு என் மேல் என்று சொல்கிறேன். திட்ட மாட்டேன்.

ஆனால் என் போன கடிதத்தைப் படித்தாயா? போன் செய்தால் நீ எடுப்பதேயில்லை. டாக்டரிடம் போனாயா? போகவில்லை என்றால் இன்று போ. செத்துப்போவேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போய்க் கழுத்தைக் காட்டிவிட்டு வந்து, அப்புறம் என்னை வேண்டாம் என்று சொல். நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன், அதே "வேண்டாம்" என்ற பதிலை அப்போதும் வாங்கிக்கொள்கிறேன்.

*

ஏப்ரல் 24

உங்களுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடச் சொன்னாள் அண்ணி. பக்கத்தில்தான் இருக்கிறாள். எட்டிப் பார்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

உங்கள் விரைவுத் தபால் லேப்புக்கே வந்தது. படித்தேன், மடித்து வைத்தேன். கழுத்தாம், கழுத்து என்று கோபம். ஆனால் அன்று மாலை ட்ரையலை எடுத்து மறுபடி போட்டேன். இந்தத் தடவை காலரின் இரண்டு முனையும் கிட்டவே வரவில்லை. அண்ணியைக் கூப்பிட்டேன். அவள் பின்னாலிருந்து கழுத்தில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. "முழுங்குடி" என்றாள். முழுங்கினேன். அவள் விரலுக்கு அடியில் என்னவோ மேலே ஏறி இறங்கியது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன், அப்படியே வெளுத்துவிட்டது. என்றைக்கும் வாய் ஓயாதவள் நேரே போய் என் செருப்பை எடுத்து வைத்தாள். அதைப் பார்த்துத்தான் நான் மிகவும் பயந்தேன்.

டாக்டர் அம்மாவும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொல்லி என் தொண்டையைத்தான் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு காகிதம் வைத்தார். காகிதம் இறக்கை அடித்தது. ரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி வெறிபிடித்து வேலை செய்கிறதாம். அதனால்தான் சாப்பிடுவதெல்லாம் எரிந்துபோகிறது, நெஞ்சு ஓடுகிறது, கை ஆடுகிறது, கால் விட்டுப்போகிறது. கண் பெரிதானதும் அதனால்தான். களை இல்லை, வியாதி. "இந்த நிலைமையில மலை ஏறியிருந்தா?" என்று அண்ணி கேட்டாள். டாக்டர், "அதை இப்ப ஏன் யோசிக்கிறீங்க, மாத்திரையை ஒழுங்கா போடட்டும்" என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

ரத்தம் சீராக மாதக்கணக்கில் ஆகலாமாம். அதுவரை ஓட்டம், படி எதுவும் கூடாது. மே மாதக் கல்யாணம் நடக்காது. வீட்டில் தள்ளிப்போட்டுவிட்டார்கள். நான் வேண்டாம் என்று எழுதியது யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைத்தால் அது ஏமாற்று. குழந்தையை இப்போதைக்கு நினைக்கவே கூடாது, பிறகும் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் என்றார் டாக்டர். இதைக் கேட்டு நீங்கள் விலகினால் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

உங்கள் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வியாதி என்று தெரிந்தால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வேறு பயம் வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்து நெஞ்சு அடித்தது ஆசை என்றேன், அது பொய். அழைப்பிதழைப் பார்த்து அடித்தது பயம் என்றேன், அதுவும் பொய். எல்லாம் சுரப்பி செய்த கூத்து. அப்படியானால் நான் உங்களைப் பற்றி நிஜமாக என்னதான் நினைக்கிறேன்? மாத்திரையில் இதெல்லாம் அடங்கிய பிறகு உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால்? சரி என்று சொன்னதும் வேண்டாம் என்று சொன்னதும் இரண்டும் நான் இல்லை என்றால், எதை நம்பி உங்களுக்குப் பதில் எழுதுவேன்?

*

மே 6

கொக்குக்கு,

முதல் வரியைப் படித்துவிட்டுப் பட்டறை மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டருக்குக் காட்டினேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "போய் வேலையைப் பாருடா" என்றார்.

உன் அண்ணியைத் திட்டாதே. நானும்தான் இடுப்பு குறைந்ததைப் பார்த்து முதலில் உன் மனதைச் சந்தேகப்பட்டேன், உடம்பை நினைக்கவில்லை. குழந்தை பற்றி எழுதியதைப் படித்தேன். நீ இருந்தால்தானே அந்தப் பேச்சே. அதற்காக விலகுகிறவன் இல்லை.

மாத்திரைக்குப் பிறகு உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால் என்று கேட்டாயே. எனக்கும் அதே பயம்தான். நீ குணமாக வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். குணமானதும் தெளிவான மனதோடு என்னைப் பார்த்து, யார் இந்த ஆள் என்று கேட்டுவிடுவாயோ என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

மலை வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல துணி சுருட்டியபடியே இருக்கிறது. கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்த விடுப்பு மட்டும் இருக்கிறது. அதை மாற்ற முடியாது, விட்டால் அடுத்த வருடம்தான். வந்தால் சித்தி வீட்டில் தங்குவேன். வரட்டுமா? மாப்பிள்ளையாக இல்லை. சும்மா. வேண்டாம் என்றால் இங்கேயே தூங்கிக் கழிப்பேன். உனக்கு இருக்கும் வேகத்தில் பதில் எழுத வேண்டாம், மெதுவாக எழுது.

*

ஜூன் 19

தையல்காரருக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தியைச் சித்தி சொன்னாள். நீங்கள் இங்கே இருந்தபோது சொல்லாததை எழுதுகிறேன், நேரில் எனக்கு "ம்", "சரி"தானே வருகிறது.

ரத்தப் பரிசோதனைக்கு நீங்கள் என்னோடு வந்தீர்களே, அந்த நாள். பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார எனக்கு அவ்வளவு பயம். ஊசிக்கு இல்லை. நெஞ்சு மறுபடி அடித்தால் வியாதி இன்னும் இருக்கிறது என்று பயம். அடிக்காவிட்டால் உங்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று பயம். நீங்கள் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் துப்பட்டாவுக்குள் விரலை விட்டு என் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அது சும்மா இருந்தது. மாத்திரை அடக்கி வைத்திருந்தது.

ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகை வந்தது. அப்போது எதிரே ஒருவர் எழுந்து போனார், அவர் கோட்டுத் தோளைக் காட்டி, "பாவம், யாரோ அந்தாளை எதிரியா நினைச்சு தைச்சிருக்காங்க" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகும் நாடி அதேபோல் நடந்துகொண்டிருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்துபோக மனம் இல்லை. பெஞ்ச் வசதியாக இருந்தது என்று சொல்ல முடியாது, உங்களுக்கே தெரியும். இவ்வளவு மாதத்தில் முதல்தடவையாக எனக்கு எங்கேயும் ஓட வேண்டும் போல இல்லை. அவ்வளவுதான் விஷயம். நெஞ்சை நம்ப முடியாது என்று ஆகிவிட்டது, இதை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

பயம் முழுக்கப் போய்விடவில்லை. ரத்தம் மறுபடி ஏறலாம் என்கிறார் டாக்டர். கை இப்போது ஆடுவதில்லை, முன்பற்கள் நேராக நிற்கின்றன, மேனேஜர் மறுபடி "சிரிப்பு செய்றவ" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அண்ணி லிப்ட் பட்டனை அவளே அமுக்குகிறாள்.

ஏப்ரலில் வேண்டாம் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தை நீங்கள் வைத்திருந்தால் கிழித்துவிடலாம்.

அளவுகளை இந்தத் தடவை எழுதி அனுப்பவில்லை. உடம்பு ஏறிக்கொண்டிருக்கிறது, கழுத்து எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இங்கே இருந்த நாளெல்லாம் உங்கள் சட்டைப் பையில் டேப்பின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை நீங்கள். அடுத்த முறை எடுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க மாட்டேன்.

கொக்கு